தைராய்டு கட்டி: ஸ்கேன் அறிக்கையிலிருந்து சிகிச்சை முடிவு வரை

கழுத்தில் கட்டி இருப்பது தெரிந்த நாளில் வீட்டில் முதலில் எழும் கேள்வி, அது புற்றுநோயா என்பதுதான். அதற்கு உறுதியான விடை கிடைக்கச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். இடையில் மூன்று நான்கு பரிசோதனைகளும் இரண்டு மூன்று மருத்துவர்களும் வந்துபோவார்கள். எனக்கு வலப்பக்கத் தைராய்டில் 2.6 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்ததிலிருந்து அறுவை சிகிச்சை முடிந்து இறுதி அறிக்கை கைக்கு வரும் வரை ஏழு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நான் செய்த பெரிய தவறு, எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்காகச் செய்யப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளாமல், கைக்கு வந்த ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரே கேள்விக்கு விடை தேடியதுதான். ரத்தப் பரிசோதனை ஒன்றைச் சொல்கிறது, ஸ்கேன் வேறொன்றைச் சொல்கிறது, ஊசிப் பரிசோதனை இன்னொன்றைச் சொல்கிறது. ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றொன்றிடம் கேட்டால் வீண் பயமோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும். இது மருத்துவர் சொல்வதற்கு மாற்று அன்று. மருத்துவர் முன்னால் அமரும் பத்து நிமிடத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கான குறிப்பு.

முதலில் இந்தக் கட்டிகள் எவ்வளவு சாதாரணமானவை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியக்கூடிய தைராய்டு கட்டி நூறு பெண்களில் ஏறத்தாழ ஐந்து பேருக்கும், நூறு ஆண்களில் ஒருவருக்கும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து தேடினால் இந்த எண்ணிக்கை பல மடங்காகும். வயது ஏறினால் இன்னும் கூடும். இப்படி மருத்துவரிடம் வந்து பரிசோதிக்கப்படும் கட்டிகளில் புற்றாக இருப்பவை, வயது, பாலினம், குடும்ப வரலாறு ஆகியவற்றைப் பொறுத்து, நூற்றுக்கு 7 முதல் 15 வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. புற்றானவற்றிலும் பெரும்பான்மை, மெதுவாக வளரும் பாப்பிலரி வகையே.

தென்கொரியாவில் நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்நாட்டில் 1999 முதல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் பரவியபோது, கூடுதலாகச் சிறு கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனும் செய்துகொள்ளும் வழக்கம் வந்தது. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கானது. ஆனால் அந்நோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. ஆயுள் முழுக்கத் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளைத் தேடிப்பிடித்து வெட்டியதுதான் நடந்தது என்று அந்நாட்டு மருத்துவர்களே பின்னர் எழுதினார்கள். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் தற்செயலாகக் கட்டி தெரியவந்து இதைப் படிக்கிறவர்கள் இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு வாரம் நிதானித்து, முறைப்படி ஒவ்வொரு படியாகப் போவதால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

இதற்கு விலக்குகளும் உண்டு. கட்டி சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி பெருத்தாலோ, குரல் கரகரத்து மூன்று வாரத்திற்கு மேலும் சரியாகாமல் இருந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலோ, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியதுபோல் இன்னொரு கட்டி தட்டுப்பட்டாலோ நிதானத்திற்கு இடமில்லை. உடனே காட்ட வேண்டும். சிறுவயதில் கழுத்துக்கோ தலைக்கோ கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களும், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்தவர்களும் அதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வேறு காரணத்துக்காக எடுத்த பெட் ஸ்கேனில் தைராய்டில் ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்திருந்தால் அதையும் சாதாரணமாக விடக்கூடாது. அப்படிப்பட்ட கட்டிகளில் மூன்றில் ஒன்று புற்றாக இருக்க வாய்ப்புண்டு.

ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

முதல் படி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் டி.எஸ்.எச். பரிசோதனை. இது சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாக வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். "ரத்தத்தில் எல்லாம் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஆய்வகத்திலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். அளவு சரியாகவே இருக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதேபோல், டி.எஸ்.எச். கூடியிருந்தால் அதற்கு மாத்திரை தேவைப்படலாம், ஆனால் கட்டியைப் பற்றிய விசாரணை அதோடு முடிந்துவிடாது.

டி.எஸ்.எச். குறைந்திருந்தால், அதாவது சுரப்பி கூடுதலாக வேலை செய்தால், மட்டும் பாதை மாறுகிறது. அப்போது அணு மருத்துவப் பிரிவில் தைராய்டு ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி தானாகவே ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிற, மருத்துவர்கள் 'சூடான கட்டி' என்று சொல்லும் வகையாக இருந்தால், அது புற்றாக இருப்பது அரிது. அதற்கு ஊசி குத்திப் பார்க்க வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை. சிகிச்சை, மிகைச் சுரப்பை அடக்குவதை நோக்கியே அமையும். கர்ப்பிணிகளுக்கு இந்த அணு ஸ்கேன் செய்யக்கூடாது. அல்ட்ராசவுண்டும் ஊசிப் பரிசோதனையும் செய்யலாம்.

முடி உதிர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாக அதை நிறுத்திவிடுங்கள். சில கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். தைரோகுளோபுலின் போன்ற விலை கூடிய பரிசோதனைகள் பேக்கேஜில் சேர்ந்தே வரும். கட்டி எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானிக்க முதல் கட்டத்தில் அவை உதவுவதில்லை. குடும்பத்தில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்தால் கால்சிடோனின் அளவைப் பார்ப்பதற்குத் தனி நியாயம் உண்டு.

ஸ்கேன் அறிக்கையை வாசிப்பது

கட்டியைப் பொறுத்தவரை உண்மையான முதல் விசாரணை கழுத்து அல்ட்ராசவுண்ட்தான். இதில் கதிர்வீச்சு இல்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டியதும் இல்லை. இந்தக் கட்டியை ஊசி குத்திப் பார்க்கும் அளவுக்குச் சந்தேகம் இருக்கிறதா என்பதே ஸ்கேன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

என் முதல் அறிக்கையில் "வலப்பக்கத்தில் கட்டி உள்ளது, மருத்துவரை அணுகவும்" என்ற பொருளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அளவு ஒரு திசையில் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. விளிம்பைப் பற்றியோ நிணநீர்க் கணுக்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதை வாங்கிப் பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் மறுபடி ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். இரண்டு முறை பணம் கட்டிய பிறகு கற்றுக்கொண்டது இது: தைராய்டு ஸ்கேனுக்குப் போகும்போதே, கட்டியை மூன்று திசைகளிலும் அளந்து, டைராட்ஸ் மதிப்பெண்ணோடு, கழுத்தின் இருபக்க நிணநீர்க் கணுக்களையும் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று கேளுங்கள், அல்லது பரிந்துரைச் சீட்டிலேயே அப்படி எழுதித் தரும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டைராட்ஸ் என்பது ஸ்கேனில் தெரியும் அடையாளங்களுக்கு மதிப்பெண் போடும் முறை. பல நாடுகளில் பல வடிவங்கள் உண்டு; அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்டது நம் ஊர் அறிக்கைகளில் அதிகம் தென்படுகிறது. அது ஐந்து கேள்விகளைக் கேட்கிறது. கட்டி நீர் நிறைந்ததா, கடற்பஞ்சு போன்றதா, கெட்டியானதா? சுற்றியுள்ள சுரப்பியைவிட வெளிறித் தெரிகிறதா, கறுத்துத் தெரிகிறதா? படுத்த வாக்கில் அகன்றிருக்கிறதா, அகலத்தைவிட உயரம் கூடி நிமிர்ந்து நிற்கிறதா? விளிம்பு வழவழப்பானதா, ஒழுங்கற்றதா? உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டி, டி.ஆர்.1 முதல் டி.ஆர்.5 வரை வகுப்பார்கள்.

என் கட்டியை எடுத்துக்கொள்வோம். கெட்டியானது, எனவே 2 புள்ளி. சுற்றுத் திசுவைவிடக் கறுத்தது, 2 புள்ளி. அகலமே கூடுதல், விளிம்பு வழவழப்பு, சுண்ணாம்புப் புள்ளி இல்லை, ஆகவே மற்ற மூன்றுக்கும் பூஜ்யம். மொத்தம் 4. நான்கிலிருந்து ஆறு வரை டி.ஆர்.4. அந்த வகுப்பில் 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேலிருந்தால் ஊசிப் பரிசோதனை, 1 செ.மீ.க்கு மேலிருந்தால் கண்காணிப்பு. டி.ஆர்.5 என்றால் 1 செ.மீ. இருந்தாலே ஊசி; டி.ஆர்.3 என்றால் 2.5 செ.மீ. வரை பொறுக்கலாம், டி.ஆர்.1, டி.ஆர்.2 வகைகளுக்கு ஊசி தேவையில்லை. என்னுடையது 2.6 செ.மீ. என்பதால் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார்கள். இடப்பக்கத்திலும் 6 மி.மீ. அளவில் கடற்பஞ்சு போன்ற ஒன்று இருந்தது. அதைப் பார்த்து நான் இரட்டிப்பாகப் பயந்தேன். மருத்துவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டுமே அவரவர் கையிலிருந்த அறிவுக்குப் பொருத்தமான நடத்தைதான்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்ற முறை 18 மி.மீ., இந்த முறை 19 மி.மீ. என்று கட்டி வளர்ந்துவிட்டதாகக் கவலைப்படுகிறவர்கள் பலர். வேறு ஒருவர் வேறு கருவியில் அளந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். குறைந்தது இரண்டு திசைகளில் 20 சதவீதமும், கூடவே ஒவ்வொன்றிலும் 2 மி.மீ.யாவது கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்கிடுவார்கள். அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுப்பதும், பழைய படங்களைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது.

ஊசிப் பரிசோதனை நாள்

எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். ரத்தம் எடுப்பதைவிட மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பது இது. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று உறவினர் யாராவது கட்டாயம் சொல்வார்கள். என் பெரியம்மா சொன்னார். தைராய்டில் இவ்வளவு மெல்லிய ஊசியால் அப்படி நேர்வது அரிதினும் அரிது. அந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான இழப்பு.

போவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. அடுத்தது, ஊசி ஸ்கேன் பார்த்தபடியே போடப்படுமா என்று கேட்க வேண்டும். என் முதல் பரிசோதனை, கட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு குத்தியது. பத்து நாள் காத்திருந்து வாங்கிய அறிக்கையில், போதுமான செல்கள் இல்லை, மீண்டும் செய்யவும் என்றிருந்தது. கட்டியின் எந்த மூலையிலிருந்து எடுப்பது என்பது முக்கியம் என்பதால், ஸ்கேன் வழிகாட்டலோடு செய்தால் இப்படி வீணாவது குறைகிறது.

இரண்டாவது முறை ஸ்கேன் அறையிலேயே நடந்தது. தோள்களுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். "எச்சில் விழுங்கக் கூடாதும்மா, பேசவும் கூடாது, வலிச்சா கையை மட்டும் தூக்குங்க" என்றார் மருத்துவர். விழுங்காதே என்று சொன்ன மறுநொடியே வாயில் எச்சில் ஊறியது. அதை அடக்கியதுதான் அன்றைய ஒரே கஷ்டம். ஊசி உள்ளே போனதும் எறும்பு கடித்ததுபோல் ஒரு சுருக், பிறகு உள்ளே எதையோ விட்டுவிட்டு அழுத்துவதுபோன்ற உணர்வு, காதுவரை ஓடிய ஒரு மெல்லிய வலி. ஊசியை எடுத்ததும், சிரிஞ்சைக் கழற்றிக் காற்றை இழுத்து, மறுபடி பொருத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் பீய்ச்சி, மற்றொரு தகட்டால் இழுத்துத் தடவினார்கள். சிலவற்றை ஆல்கஹால் ஜாடியில் போட்டார்கள், சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார்கள். இப்படி மூன்று முறை. பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினேன். இரண்டு நாள் தொட்டால் வலித்தது. அவ்வளவுதான். வீக்கம் வேகமாகப் பெருத்தாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் உடனே திரும்பிப் போக வேண்டும்.

பெதஸ்டா எண் எதைச் சொல்கிறது

ஊசிப் பரிசோதனை அறிக்கையின் கடைசியில் பெதஸ்டா என்று போட்டு ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் இருக்கும். அந்த எண் இல்லாமல் "கொல்லாய்டு காய்ட்டர்" என்றோ "செல்கள் நிறைந்துள்ளன" என்றோ மட்டும் எழுதித் தந்தால், எண்ணைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இந்த எண் நோயின் முற்றிய நிலையைக் குறிக்கும் 'ஸ்டேஜ்' அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெதஸ்டா நான்கு என்பதை நான்காம் நிலைப் புற்று என்று எண்ணி ஒரு குடும்பமே அழுததை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒன்று என்றால் செல்கள் போதவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டு என்றால் சாதாரணக் கட்டி. தவறாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு போல. ஐந்து என்றால் புற்று என்ற பலத்த சந்தேகம், நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். ஆறு என்றால் புற்று என்பது ஏறத்தாழ உறுதி. இந்த நான்கு முனைகளிலும் அடுத்து என்ன செய்வது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் மூன்றிலும் நான்கிலும்தான்.

மூன்று என்பது செல்களின் தோற்றத்தில் ஏதோ இயல்புக்கு மாறாக இருக்கிறது, ஆனால் இன்னதென்று சொல்ல முடியவில்லை என்ற ஒப்புதல். பெதஸ்டா முறைக்கு 2023இல் வந்த மூன்றாம் பதிப்பின் கணக்குப்படி இவற்றில் புற்றாக முடிவது சராசரியாக நூற்றுக்கு 22. நான்கில் அது 30. இந்த நான்காம் வகை ஏன் ஊசியால் தீர்மானிக்க முடியாததாக இருக்கிறது என்பதை எனக்கு விளக்கிய மருத்துவர் வயல் உதாரணம் ஒன்று சொன்னார். பாலிக்குலர் வகைக் கட்டிகளில் சாதாரணக் கட்டியின் செல்களும் புற்றின் செல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ அவை உடைத்துக்கொண்டு போயிருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். ஒரு கைப்பிடி நெல்லைக் கொண்டுவந்து காட்டினால், வரப்பு உடைந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? வயலையே பார்க்க வேண்டும். அதாவது கட்டியை உறையோடு முழுதாக எடுத்து, விளிம்பு முழுவதையும் நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். அறுவை சிகிச்சை நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் அவசரப் பரிசோதனையும் இந்த வகைக்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

எனக்கு வந்த எண் நான்கு.

மூன்றாம் வகைக்கு மூன்று வழிகள் உண்டு: மீண்டும் ஊசி, மரபணுப் பரிசோதனை, அல்லது பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பது. மீண்டும் ஊசி போட்டாலே பலருக்கு விஷயம் தெளிந்துவிடுகிறது. மரபணுப் பரிசோதனைகள் வெளிநாடுகளில் அறுவை சிகிச்சைகளைக் குறைத்திருக்கின்றன. இங்கே அவற்றின் விலை பலருக்கு எட்டாதது, எந்தப் பரிசோதனை, எந்த ஆய்வகம் என்பதையும் விசாரித்தே முடிவுசெய்ய வேண்டும்.

எந்த வழிக்குப் போவதாக இருந்தாலும், அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் ஸ்லைடுகளை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி, தைராய்டு அதிகம் பார்க்கும் வேறொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டால் தருவார்கள். புதிதாக ஊசி குத்த வேண்டாம், செலவும் சொற்பம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில், ஏன் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலும்கூட, பார்க்கிறவரைப் பொறுத்து எண் மாறுவது உண்டு.

முடிவெடுப்பது

பெதஸ்டா இரண்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் செய்யாமல் கண்காணிப்பதே சிகிச்சை. ஸ்கேனில் சந்தேகம் பலமாக இருந்து ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்தால் ஓராண்டுக்குள் மீண்டும் பார்ப்பார்கள்; மற்றவர்களுக்கு ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குள். கட்டியைச் சுருக்குவதற்காகத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை கொடுக்கும் பழைய வழக்கம் அயோடின் குறைபாடில்லாத இடங்களில் கைவிடப்பட்டுவிட்டது, டி.எஸ்.எச். சரியாக இருக்கும்போது அந்த மாத்திரையை எழுதினால் எதற்காக என்று கேளுங்கள். சாதாரணக் கட்டிதான், ஆனால் தொண்டையை அழுத்துகிறது அல்லது வெளியே தெரிந்து உறுத்துகிறது என்றால், அறுவை இல்லாமல் ஊசிமுனை வழியாக ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்கும் முறை பெருநகரங்களில் கிடைக்கிறது. ஓராண்டில் கட்டியின் கனஅளவு பாதிக்கும் மேல் குறையும். ஆனால் கட்டி முழுதாக மறைவதில்லை, சிலருக்கு மீண்டும் வளரவும் செய்யும். வெறும் நீர்க்கட்டியாக இருந்து, நீரை எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப நிரம்பினால் ஆல்கஹால் செலுத்தும் எளிய முறை உண்டு.

புற்று என்று உறுதியான பின்னும் எல்லோருக்கும் உடனே கத்தி தேவையில்லை என்பதை முதலில் செய்து காட்டியது ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை. 1 செ.மீ. அல்லது அதற்கும் குறைவான, வெளியே பரவாத பாப்பிலரிப் புற்றுகளை அங்கே 1993 முதல் வெட்டாமல் ஸ்கேன் மூலம் கண்காணித்து வருகிறார்கள். பத்தாண்டுகளில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை நூற்றுக்கு எட்டு போல. நிணநீர்க் கணுவுக்குப் பரவியவை நூற்றுக்கு நான்கு போல. அப்படி நேர்ந்தவர்களுக்குப் பிறகு அறுவை செய்தும் பலன் குறையவில்லை. கட்டி குரல் நரம்புக்கோ மூச்சுக்குழாய்க்கோ அருகில் இல்லாதவர்களுக்கும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் வரக்கூடியவர்களுக்கும்தான் இது பொருந்தும். "உள்ளே புற்றை வைத்துக்கொண்டு தூங்க முடியாது" என்கிறவர்களுக்கு இது ஏற்றதன்று. அதையும் மருத்துவரிடம் வெட்கமில்லாமல் சொல்லலாம்.

அறுவைதான் என்று முடிவானால், அடுத்த கேள்வி பாதியா முழுதா என்பது. எனக்கு இதுவே மிகக் கடினமான முடிவாக இருந்தது. முதலில் பார்த்த அறுவை மருத்துவர் ஒருவர், "முழுசா எடுத்துட்டா கவலையே இல்லை" என்றார். வீட்டிலும் எல்லோருக்கும் அந்த வாக்கியம் பிடித்துப்போனது. ஆனால் முழுச் சுரப்பியையும் எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை உறுதி. இருபுறக் குரல் நரம்புகளும் கத்திக்குப் பக்கத்தில் வருகின்றன. சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் அபாயத்துக்குள்ளாகின்றன. பாதியை மட்டும் எடுத்தால் ஒரு நரம்பும் இரண்டு பாராதைராய்டுகளும் தொடப்படுவதே இல்லை. மாத்திரை தேவைப்படுவதும் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குத்தான். அதற்கு விலை, எடுத்த கட்டி பரவும் தன்மையுள்ள புற்று என்று இறுதி அறிக்கை சொன்னால் மீதிப் பாதியை எடுக்க இரண்டாம் முறை மேசைக்குப் போக நேரலாம் என்பது. பெதஸ்டா நான்கு, ஒரு பக்கம் மட்டும், மற்றப் பக்கத்தில் தொல்லையில்லை என்ற என் நிலைமையில் புற்றாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால் நான் பாதியைத் தேர்ந்தேன். 4 செ.மீ.க்கு மேற்பட்ட புற்று, இருபுறமும் கட்டிகள், கணுக்களில் பரவல், உறை தாண்டிய வளர்ச்சி ஆகியவற்றில் முழு அறுவைக்குத் தகுந்த காரணம் இருக்கிறது. 1 செ.மீ.க்கு உட்பட்ட தனிப் புற்றுக்குப் பாதியே போதும். இடைப்பட்ட அளவுகளில் இரண்டுக்கும் இடமுண்டு. அங்கேதான் உங்கள் விருப்பத்துக்கு எடை கூடுதல்.

யார் செய்கிறார்கள் என்பது எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் போலவே முக்கியம். ஆண்டுக்கு 25க்கு மேல் முழுத் தைராய்டு அறுவைகளைச் செய்கிறவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. "ஆண்டுக்கு எத்தனை தைராய்டு செய்கிறீர்கள் டாக்டர்?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை; என் அக்காதான் கேட்டார். மருத்துவர் கோபிக்கவில்லை, எண்ணைச் சொன்னார், அவர் கையில் குரல் நிரந்தரமாக மாறியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொன்னார். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறைகள் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அதில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்வதற்கு முன்பே கேட்டு, முன்அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாடுகிறவர்கள், ஆசிரியர்கள், குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் அதை அறுவை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேச்சுக்கான நரம்பு மட்டுமன்றி, உச்சஸ்தாயிக்கான மெல்லிய கிளை நரம்பும் அருகிலேயே போகிறது. அறுவைக்கு முன் குரல்நாண்கள் அசைவதைக் குழாய் விட்டுப் பார்த்துப் பதிந்துவைப்பதும் நல்லது.

அறுவைக்குப் பின்

இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்தேன். தொண்டைக் கரகரப்பு மயக்க மருந்துக் குழாயால் வருவது. சில நாளில் போய்விடும். முழுச் சுரப்பியும் எடுத்தவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு வந்தால் அது கால்சியம் இறங்குவதன் அடையாளம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இரவைக் கழிக்கக்கூடாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

தைராக்சின் மாத்திரை தொடங்கினால், வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்கு எதிரி காலைக் காபிதான். மாத்திரையைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, அளவு போதவில்லை என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போனவர்களை அறிவேன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவு சரியா என்று பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தால் எண் ஏமாற்றும்.

புற்று என்று வந்தவர்களில் சிலருக்கு மட்டும் கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்படும். யாருக்கு என்பதை இறுதித் திசு அறிக்கையில் உள்ள அளவு, ரத்தக்குழாய் ஊடுருவல், கணுக்கள் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன; எல்லோருக்கும் வழக்கமாகத் தருவது இப்போது இல்லை. தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் இந்தச் சிகிச்சையே கூடாது. பிறகு கருத்தரிப்பதை எவ்வளவு காலம் தள்ளிவைப்பது என்று அணு மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் இறுதி அறிக்கை பன்னிரண்டாம் நாள் வந்தது. பாலிக்குலர் அடினோமா, அதாவது புற்றில்லாத கட்டி; உறை உடையவில்லை, ரத்தக்குழாயில் ஊடுருவல் இல்லை. அப்படியானால் வீணாகத்தானே வெட்டினார்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். வெட்டாமல் அந்த வாக்கியத்தை யாராலும் எழுதியிருக்க முடியாது என்பதை விளக்க நெல்லையும் வரப்பையும் மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது. எட்டாவது வாரத்தில் டி.எஸ்.எச். 3.4, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். எல்லா ஸ்கேன்களையும் ஸ்லைடு எண்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்து 6 மி.மீ. கட்டி அங்கேயே இருக்கிறது, அடுத்த டி.எஸ்.எச்.சும் ஸ்கேனும் தை மாதத்தில்.